பால் பொங்குவதற்குள்

சேர்வராயன் மலையில் ஒருவன் இன்னொருவன் வீட்டு வாசலுக்கு வந்து, வந்ததும் வராததுமாகக் காரியத்தைச் சொல்லிவிட்டால், ஒன்று அவன் கைமாற்றுக் கேட்க வந்தவன், இல்லையென்றால் சாவுச் சேதி கொண்டுவந்தவன். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. "ஏனுங்க, ஊட்ல இருக்கறீங்களா?" என்று வெளியில் நின்றே கேட்க வேண்டும். எதற்கு வந்தாய் என்று கேட்டால், "சும்மாதானுங்க, இப்படி வந்தேன்" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். தண்ணீர் கொடுப்பார்கள். குடித்துவிட்டு மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, மிளகைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதற்குப் பிறகுதான், கிளம்புகிறவனாகப் பாதி எழுந்துகொண்டு, "வேற ஒண்ணுமில்லீங்க..." என்று ஆரம்பிக்க வேண்டும். மாடு காணாமல் போயிருந்தாலும் இதுதான் முறை. பெண்டாட்டி காணாமல் போயிருந்தாலும் இதுதான் முறை.

மாரமங்கலத்து அம்மாசிக்குப் பெண்டாட்டிதான் காணாமல் போயிருந்தாள்.

அத்தாயி காலையில் ஆரஞ்சுக் கூடையோடு முதல் பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போனவள். ஏரிக்கரையில் விற்றுவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவது வழக்கம். மத்தியான பஸ் வந்தது. அதிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டியும் அதன் சொந்தக்காரரும் இறங்கினார்கள், அத்தாயி இறங்கவில்லை. மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்த அம்மாசி, கொடுவாளை இடுப்பில் செருகியது செருகியபடியே, தூறலுக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு, திரும்பிப் போகிற அதே பஸ்ஸில் ஏறிவிட்டான்.

ஏரிக்கரை டீக்கடையில் விசாரித்தான். "ஆரஞ்சு விக்கற அம்மாங்களா? பழம் விக்க மேல டி.வி. பங்களாவுக்குப் போனாங்க. போயி நொம்ப நேரமாச்சுங்க" என்றார் டீக்கடைக்காரர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க போனவங்க அவ்வளவு சுளுவா திரும்பறதில்லீங்க. எங்க பால்காரரு போனாரு. இப்ப அங்க கதாநாயகனோட நண்பராம். கடைக்குப் பால் ஊத்த ஆளில்ல, வரட்டீதான் போடறேன்."

டி.வி. பங்களா என்று ஊரார் சொன்னதற்கு முழுப்பெயர் மாநிலச் சின்னத்திரைப் பாத்திர அறிமுகப் பயிற்சிக் கழகம். பெயர்ப்பலகையில் இடம் போதாமல் 'கழகம்' மட்டும் கீழே தனியாகத் தொங்கும். தொலைக்காட்சிப் பெட்டி தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்த புதிதில் ஒரு பெரிய சங்கடம் உண்டாயிற்று. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டம்மாள் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து உட்காருவாள். திரையில் ஒரு ஆள் வருவான். அவன் நல்லவனா கெட்டவனா, தாய்மாமனா தரகனா என்று தெரிவதற்குள் பால் பொங்கிவிடும். அவள் ஓடிப்போய் இறக்கிவைத்துவிட்டு வந்து, "இந்தாளு யாரு?" என்று கேட்பாள். பதில் சொல்கிறவர்களுக்கும் தெரியாது. அரசாங்கத்துக்குப் புகார்கள் வந்து குவிந்தன. ஒரு குழு போட்டார்கள். குழு சென்னை வெயிலில் உட்கார்ந்து தீவிரமாக யோசித்து, அடுத்த கூட்டத்தைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அப்படி ஏற்காட்டுக்கு வந்தவர்கள் பிறகு இறங்கவே இல்லை. எந்தப் பாத்திரமும் பால் பொங்குவதற்குள் இன்னார் என்று தெரிந்துவிட வேண்டும் என்ற முதல் விதியைக் கண்டுபிடித்து, அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாவில் கழகத்தையும் திறந்துவிட்டார்கள்.

இதெல்லாம் அம்மாசிக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது அது சர்க்கார் கட்டடம் என்பது மட்டும்தான். காட்டெருமையிடம் அவனுக்குக் கொஞ்சம் பயம், இடியிடம் கொஞ்சம் பயம். சர்க்கார் கட்டடத்திடம்தான் முழுப் பயம். அவன் அப்பனை ஒரு தடவை, "ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு அனுப்பிடறோம்" என்று சொல்லி ஒரு சர்க்கார் கட்டடத்துக்குள் கூட்டிப்போனார்கள். அந்த ஒரு கேள்வி கேட்டு முடிக்க ஒரு காப்பிப் பருவம் ஆயிற்று. மூடுபனி இறங்கிப் பங்களா கேட்டின் கம்பிகூடத் தெரியாமல் இருந்த அந்த மேட்டில் ஏறும்போது, போகாமல் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தான். உள்ளே இருப்பது அத்தாயி. அதனால் ஏறினான்.

"யாரு?" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல். காவலாளி ஜேசுதாஸ்.

"நானுங்க, மாரமங்கலம்..."

"ஐயோ, இங்க சொல்லாதய்யா! நீ யாருன்னு யாரும் சொல்லப்படாது. பாத்ததும் தெரியணும். உள்ள போ, உள்ள போ, பால் வெச்சுட்டாங்க." ஜேசுதாஸ் அவன் முதுகில் கைவைத்து ஒரு பெரிய கதவுக்குள் தள்ளிவிட்டார்.

உள்ளே நீளமான கூடம். கூடம் நிறைய நாற்காலி, நாற்காலி நிறையப் பயிற்சி எழுத்தாளர்கள். நடுவில் மேஜை, மேஜைமேல் பம்ப் ஸ்டவ், ஸ்டவ்மேல் பால் பாத்திரம். கதவு முனகிக்கொண்டு திறந்தது. அம்மாசிக்கு முன்னால் பனி நுழைந்தது. சாக்கு அவன் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. இடுப்பில் கொடுவாள் பளபளத்தது. அந்த நேரம் பார்த்து வானமும் ஒரு தடவை உறுமிற்று. அதற்கு அம்மாசி பொறுப்பில்லை.

யாரோ மணி அடித்தார்கள். பயிற்சி எழுத்தாளர்களில் முதலிடம் வாங்கிய கலாவதி என்ற பெண் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டாள்: "யார் நீங்க? எதுக்கு வந்தீங்க?"

பயந்தாலும் முறையை விடக்கூடாது என்று அம்மாசி நினைத்தான். வெற்றிலைக் காவி ஏறிய பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "சும்மாதானுங்க... இப்படி வந்தேன்" என்றான்.

கூடத்தில் ஒரு பெண் வீலென்று கத்தினாள். "வில்லன்!" என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். கலாவதி பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "சார்! பால்ல ஆடைகூடக் கட்டலை!" கைதட்டல் ஓட்டுக்கூரையில் மோதி எதிரொலித்தது.

முன்வரிசையில் இருந்து இயக்குநர் நல்லமுத்து எழுந்தார். சால்வை போர்த்தியிருந்தார். அவரே போர்த்திக்கொண்ட சால்வைதான்.

"நண்பர்களே, கவனியுங்கள். முகத்தை மறைக்கிறான், ஆயுதத்தை மறைக்கவில்லை. காரணம் கேட்டால் சும்மா வந்தேன் என்கிறான். சும்மா வந்தவன் எவனும் உலகத்தில் நன்மை செய்ததாகச் சரித்திரம் இல்லை. நான் முப்பது ஆண்டுகள் அரசுப் பணியில் சும்மா இருந்தவன். அதன் ஆபத்து எனக்குத் தெரியும்."

அம்மாசி தண்ணீருக்காகக் காத்துக்கொண்டு நின்றான். தண்ணீர் வரவில்லை. சரி, பட்டணத்துக்காரர்கள், முறை தெரியாது என்று நினைத்து அடுத்த கட்டத்துக்குப் போனான். "மழ உட்டு உட்டுப் பேயுதுங்க" என்றான். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். "மிரட்டல்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஒருவர் கிசுகிசுத்தார். "மொளவு இந்த வருசம் சுமாருதானுங்க" என்றான். "உள்ளர்த்தம் இருக்கு" என்றாள் கலாவதி. இனிப் பாதி எழ வேண்டும். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால், பாதி எழுவதற்காக முதலில் தரையில் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்து, கொடுவாளைப் பிடித்தபடி மெல்ல எழுந்தான். முன்வரிசைக்காரர்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள்.

"வேற ஒண்ணுமில்லீங்க... எங்கூட்டுக்காரி இங்க வந்தாளாமுங்க, ஆரஞ்சுக் கூடையோட. கூட்டிக்கிட்டுப் போலாம்னுதான்..."

கலாவதிக்கு முகம் வெளுத்தது. "சார், இவன் அந்தக் கைம்பெண்ணைத் தேடி வந்திருக்கான்!"

"கைம்பொண்ணுங்களா? இல்லீங்க, அவளுக்கு நாந்தானுங்க புருசன்."

"அவளுக்குப் புருஷன் இல்லையே" என்றார் நல்லமுத்து, ரயில் போய்விட்டது என்று சொல்கிற ஸ்டேஷன் மாஸ்டரின் வருத்தத்தோடு. "காலையிலேயே முடிவாகிவிட்டது. இரண்டாவது கொதி வருவதற்கு முன்னால். கழகத்தின் சாதனை அது. வேண்டுமானால் நீயே பார்."

பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்கள். ஒரு மர ஸ்டூலில் அத்தாயி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை. வெறும் நெற்றி. பெண்டாட்டியை அந்தக் கோலத்தில் பார்க்கிற வாய்ப்பு எந்தப் புருஷனுக்கும் கிடைப்பதில்லை. அவள் அந்தக் கோலத்துக்கு வருகிற நாளில் அவன் பார்க்கிற நிலைமையில் இருப்பதில்லை. அம்மாசி தன் தொடையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டான். வலித்தது. அந்த வலியில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஏனுங்க, நீங்க எதுக்குங்க இதுக்குள்ள வந்தீங்க! உங்களையும் புடிச்சு வெச்சுக்குவாங்களே!" என்று அத்தாயி அழுதாள். அவள் அழ ஆரம்பித்ததும் பின்னால் கைதட்டல் கேட்டது.

"என்ன புள்ள ஆச்சு?"

"மழையில பொட்டு அழிஞ்சுபோச்சுங்க. இந்த வாசப்படியில வழுக்கி உழுந்தேன். கூடை கவுந்து பழமெல்லாம் உருண்டு போச்சு. 'எல்லாம் போச்சே சாமி'ன்னு கத்திப்போட்டேன். ஆரஞ்சத்தான் சொன்னனுங்க. அதுக்குள்ள மணியடிச்சு, கை தட்டி, வெள்ளச் சீலையக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. கட்டுனாத்தான் வெளிய உடுவோம்னாங்க. கட்டுனதுக்கு அப்பறமும் உடலீங்க. தாலியக் கழட்டச் சொன்னாங்க. தலையே போனாலும் மாட்டேன்னுட்டேன். சரி, உள்ள போட்டுக்கன்னு சொல்லிட்டாங்க."

அம்மாசிக்கு உயிர் வந்தது. "ஐயா, பாருங்க, கழுத்துல தாலி இருக்குதுங்க!"

"ரவிக்கைக்குள் இருப்பதை நேயர்கள் பார்க்கமாட்டார்கள்" என்றார் நல்லமுத்து. "நேயர்கள் பார்க்காதது இல்லவே இல்லை. இது கழகத்தின் இரண்டாவது விதி. மேலும், நாளைக் காலை டெல்லியிலிருந்து மேலதிகாரி வருகிறார். இந்த அம்மாளைத்தான் காட்டப்போகிறோம். அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் வந்தால் கழகத்துக்குப் புதுக் கட்டடம். இரண்டு சொட்டு வந்தால் எனக்குப் பதவி நீட்டிப்பு. இதில் நீ வந்து புருஷன் என்று நின்றால் எப்படி? இந்த வயதில் நான் என்ன செய்வேன்?"

"நாளைக்கு அவரு அழுதுட்டா அப்பறம் உட்டுருவீங்களா?"

"அதற்குப் பிறகு தொடர். பதிமூன்று வாரம். பிடித்துப்போனால் ஐம்பத்திரண்டு."

வில்லன்களுக்கு அந்தக் கழகத்தில் தனி அறை உண்டு. ஜேசுதாஸ் கொடுவாளை வாங்கிக்கொண்டு அம்மாசியை அதற்குள் விட்டுத் தாழ் போட்டார். மூலையில் பெரிய மீசையோடு ஒருவர் சம்மணம் போட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தார். பக்கத்து எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்த சென்றாயன். கழகத்துக்கு இரவல் கொடுத்த ஏணியைத் திருப்பிக் கேட்க வந்தவர். ஏணி எங்கே என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார், மீசை இருந்தது, அவ்வளவுதான்.

"உக்காரு தம்பி. மொதல்ல எனக்கும் இப்படித்தான் ஒதறுச்சு" என்றார். "சோறு நல்லா போடறாங்க. ஞாயித்துக்கெழம கறி. சிரிப்பு மட்டும் பழகிக்கணும். அடிவயித்துல இருந்து வரணும்." சிரித்துக் காட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஊட்ல தேட மாட்டாங்களாண்ணா?"

"போன வாரம் எம்பொண்டாட்டி வந்தா. கதவத் தொறந்து அவளக் காட்டி, என்னையச் சிரிக்கச் சொன்னாங்க. சிரிச்சேன். ஓடியே போயிட்டா." இதைச் சொல்லிவிட்டு மேஸ்திரி மறுபடியும் சிரித்தார். நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. கண்ணிலிருந்து நீர் ஒழுகிச் சோற்றில் விழுந்தது, சிரிப்பு மட்டும் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அம்மாசி கதவை இரண்டு கையாலும் அடித்தான். இந்த அறையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் தனக்கும் அந்தச் சிரிப்பு வந்துவிடும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

சத்தம் கேட்டு வந்த நல்லமுத்து விதியை மதிக்கிறவர். விதியில் மறு அறிமுகத்துக்கு இடம் இருந்தது, பால் மிச்சமிருந்தால். இருந்தது. கொங்காணியைக் கழற்றச் சொன்னார்கள். முகத்தைத் துடைத்துவிட்டார்கள். "இப்போது புருஷனாக வா" என்று சொல்லிக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். புருஷனாக எப்படி வருவது என்று அம்மாசிக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் அவன் தினமும் வருகிறவன்தான்; ஆனால் எப்படி வருகிறான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மணி அடித்தது. முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று ஓடிவந்தான். அதற்கு முந்தைய அறிமுகங்களில் பொங்கி வழிந்த பால் தரையெல்லாம் பரவிக் கிடந்தது. மூன்றாவது எட்டில் கால் வாரிவிட்டது. அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பொத்தென்று மல்லாக்க விழுந்தான்.

"நகைச்சுவை!" என்று கூடம் அதிர்ந்தது.

அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னாலும் சிரித்தார்கள். "ஐயா, எம்பொண்டாட்டிய உடுங்க" என்றான், சிரித்தார்கள். "அவ பயந்து போயிருக்கறாளுங்க" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "சாமி சத்தியமா நாந்தானுங்க அவ புருசன்" என்றபோது ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். வில்லன் என்றபோதாவது பின்னால் நகர்ந்தார்கள். இப்போது அதுவும் இல்லை. தான் சொல்கிற எந்த வார்த்தையும் இனி எவன் காதிலும் வார்த்தையாக விழாது என்று அம்மாசிக்குத் தெரிந்துபோயிற்று.

அத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. கதவோரத்தில் நின்று, "அடி பட்டுருச்சுங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் குரல் கலாவதியை ஏதோ செய்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "சார், ஒரு யோசனை. இவர் நிஜமாவே புருஷன்னா, அந்தம்மாவை இவர் அறிமுகப்படுத்தட்டுமே. அவங்களை மட்டும் காட்டற மாதிரி ஒரே ஒரு அடையாளம். வேற எந்தப் பொம்பளைக்கும் பொருந்தக்கூடாது. பால் பொங்கறதுக்குள்ள சொல்லட்டும்."

நல்லமுத்துவுக்கு விதி எங்கே வந்தாலும் சந்தோஷம். மீதி இருந்த பாலை ஊற்றி ஸ்டவ்வுக்குக் காற்று அடித்தார்கள். சிரிப்பு நின்றது.

இது லேசான காரியம் என்றுதான் அம்மாசி நினைத்தான். கல்யாணமாகி இரண்டு பெண்களைப் பெற்று, இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஒரு அடையாளம் சொல்ல முடியாதா என்ன? வாயைத் திறந்தான். "அவ... நல்லவங்க" என்றான்.

"எல்லாரும் நல்லவங்கதான். வேற?"

"ஆரஞ்சு விப்பாளுங்க."

"ஏரிக்கரையில வரிசையா உக்காந்து விக்கறாங்க. அவங்க மட்டும்?"

மச்சம் இருக்கிறதா? இருந்தால் எங்கே? காலையில் அவன் கண்விழிக்கும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அவள் எழுந்ததை அவன் பார்த்ததில்லை. ராத்திரி அவன் தூங்கும்போது பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும்; அவள் படுத்ததைப் பார்த்ததில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும்? அவன் தின்றது போக மிஞ்சியது பிடிக்கும் என்று நினைத்திருந்தான். பால் விளிம்பில் நுரை கட்ட ஆரம்பித்தது. அம்மாசி அத்தாயியைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை, பஸ் வருமா என்று பார்க்கிறவளாகப் பார்த்தாள். நுரை எழும்பியது. "ஐயா, கொஞ்சம் இருங்க... இதோ நெனப்புக்கு வருது..." என்றான். எதுவும் வரவில்லை. பால் பொங்கி ஸ்டவ்மேல் சொய்யென்று வழிந்தது.

"அறிமுகம் இல்லை" என்றார் நல்லமுத்து. "அழைத்துப் போங்கள். வில்லன் அறைக்கா, கோமாளி அறைக்கா என்று நாளை டெல்லியைக் கேட்டு முடிவு செய்வோம்."

ஜேசுதாஸ் வந்து அம்மாசியின் தோளைப் பிடித்தார்.

"நான் சொல்லலாமுங்களா?" என்றாள் அத்தாயி.

எல்லோரும் திரும்பினார்கள். "பெயர் சொல்வாயா?" என்றார் நல்லமுத்து.

"பேரு சொல்லமாட்டேனுங்க. அவரு வாயில எச்சி வத்துனாலும் சிரிச்சுத்தான் பேசுவாரு. பயந்துட்டாருன்னா வெளிய தெரியாதுங்க. ஆனா வலது காலு கட்டவெரல மட்டும் உள்ள மடக்கிக்குவாரு. அவருக்கே தெரியாதுங்க. கண்ணாலத்தன்னிக்கு மணையில உக்காந்திருக்கையில மடக்கிக்கிட்டிருந்தாரு. அதப் பாத்துட்டுத்தான், சரி, இவரும் நம்ம மாதிரிதான் பயந்துகிட்டு இருக்கறாருன்னு எனக்குத் தகிரியம் வந்துச்சு. மூத்தவளப் பெக்கையில நொம்ப செரமமாப் போச்சுங்க. கதவுக்கு வெளிய நின்னாரு. கதவடியில சந்து. அந்தச் சந்துல அவரு வெரலு மடங்கிக்கிட்டே நின்னுச்சு. அதப் பாத்துக்கிட்டேதான் பெத்தேன்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அம்மாசியின் காலைப் பார்த்தார்கள். அம்மாசியும் பார்த்தான். பாலும் சேறும் அப்பிய பாதத்தில், வலது கட்டைவிரல் உள்ளே மடங்கித் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் தன் உடம்போடு இருந்த விரல் அது; அன்றைக்குத்தான் அதை அவன் முதல் தடவையாகப் பார்த்தான். நிமிர்த்தப் பார்த்தான். நிமிரவில்லை.

யாரும் கைதட்டவில்லை. கலாவதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

நல்லமுத்து மட்டும் பாத்திரத்தைப் பார்த்தார். அடியில் மிச்சமிருந்த பால் தீய்ந்து கறுத்திருந்தது. "நுணுக்கம் நன்று" என்றார். "ஆனால் நண்பர்களே, இந்த ஒரு விரலைத் தெரிந்துகொள்ள இந்த அம்மாளுக்கு ஆயுளில் பாதி செலவாகியிருக்கிறது. நேயர்களிடம் அவ்வளவு நேரம் இல்லை. என்னிடமும் இல்லை, என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அதைவிட மோசம், புருஷன் இருப்பது நிரூபணமாகிவிட்டது. புருஷன் உள்ள கைம்பெண்ணை டெல்லிக்குக் காட்ட முடியாது. இருவரையும் வெளியே அனுப்புங்கள். ஜேசுதாஸ், வெள்ளைச் சேலையை மறக்காமல் திரும்ப வாங்கு. காலைக்குள் மழையில் எந்தப் பெண் வந்தாலும் பொட்டை அழித்துவிட்டு உள்ளே விடு."

கேட் திறந்து மூடியது. அத்தாயி தன் ஈரச் சேலையில் இருந்தாள், கூடை காலி. கடைசி பஸ் போய்விட்டிருந்தது. பொழுது சாய்ந்து, பனி காப்பிச் செடிகள்மேல் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. முதல் வளைவு வரைக்கும் அம்மாசி அவள் கையை விடவில்லை. பின்னால் மேஸ்திரியின் சிரிப்புச் சத்தம் கேட்காத தூரம் வந்த பிறகுதான் விட்டான். வழியில் ஒரு கோயில் மாடத்திலிருந்து குங்குமம் எடுத்து அத்தாயி நெற்றியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது, ஆரஞ்சைச் சேலம் வியாபாரியிடமே போட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் ஊம் கொட்டிக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் அத்தாயி கேட்டாள்: "ஏனுங்க, அங்க என்னையப் பத்திக் கேட்டாங்கள்ள? பாலு அவ்வளவு நேரம் காஞ்சுது. ஒண்ணுகூடவா தோணல?"

சண்டைக்குக் கேட்கவில்லை. குழம்பில் உப்புச் சரியா என்று கேட்கிற குரல்தான்.

"பயத்துல வாய் வரல புள்ள."

"இப்ப பயம் இல்லீங்களே. இப்ப சொல்லுங்க."

அம்மாசி அவளைத் திரும்பிப் பார்த்தான். பனியில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மாரமங்கலம் போய்ச் சேர இன்னும் பாதி வழிக்குமேல் கிடந்தது.

"சொல்றேன், இரு" என்றான்.

"அவசரமில்லீங்க" என்றாள் அத்தாயி. "மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க."

அன்றைக்கு அவன் பட்ட பயங்களிலேயே பெரிய பயம் அப்போதுதான் வந்தது.